சொந்த ஊரில் ஒரு லாட்ஜ் அறை: அம்மாவோடு கன்னியாகுமரியில் நான் பட்ட பாடு

நான் பிறந்து வளர்ந்தது நாகர்கோவில் வடிவீஸ்வரம். கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் வந்து 14 வருஷம் ஆகிறது. அப்பா இருந்தவரை பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நேராக வீட்டுக்குப் போய் இறங்கிவிடுவோம். கன்னியாகுமரியில் காசு கொடுத்து அறை எடுக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. அப்பா போன பிறகு வீட்டை விற்றோம், அம்மா என்னோடு கோவைக்கு வந்துவிட்டாள். போன டிசம்பரில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு தடவ பகவதியம்மனப் பாத்துட்டு, கடல்ல சூரியன் வாறதையும் பாத்துட்டு வந்திரலாம் மக்களே" என்றாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரியே அறை தேட உட்கார்ந்தேன். என் கணவருக்கு லீவு இல்லை. நான், அம்மா, 9 வயது மகள், மூன்று பேர் மட்டும்தான். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு வருஷம் முன்பு வலது முட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. நடப்பாள், ஆனால் படி ஏறக் கஷ்டம், தரையில் உட்காரவே கூடாது.

டிசம்பர் 26, 27 என்று இரண்டு ராத்திரிக்கு ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். அரையாண்டு லீவு அப்போதுதான். ஊர்க்காரியாக இருந்துகொண்டு நான் செய்த முதல் தவறு இந்தத் தேதிதான். கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரைக்கும் சபரிமலை சீசன். மலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பஸ் பஸ்ஸாகக் கன்னியாகுமரிக்கு வருவார்கள். அதோடு கிறிஸ்துமஸ், புதுவருஷம், சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா, எல்லாம் ஒன்றாகச் சேரும். 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து அதைப் பார்க்க வருகிற கூட்டம் வேறு. எங்கள் வீட்டில் யாரும் டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரிப் பக்கம் போகவே மாட்டோம், எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மகளுக்கு லீவு கிடைக்கிற நாளை மட்டும் பார்த்தேன். சாதாரண நாளில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிற தரத்தில் இருந்த அறைக்கு ராத்திரிக்கு 4,200 ரூபாய். ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து இரண்டு ராத்திரிக்கு 8,820. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வகையில் 600 ரூபாய் கூட இருந்தது. 'நாம் எங்கே ரத்து செய்யப் போகிறோம்' என்று அந்த 600-ஐ மிச்சம் பிடித்தேன். வயசான ஆளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த மிச்சத்தைப் பிடிக்கவே வேண்டாம். யாருக்காவது காய்ச்சல் வந்தாலே மொத்தப் பணமும் போய்விடும்.

படங்கள் அழகாக இருந்தன. வெள்ளை விரிப்பு, பெரிய ஜன்னல், அதற்கு வெளியே நீலமாகக் கடல், 'கடல் பார்த்த அறை' என்று எழுத்து. லிஃப்ட் உண்டு என்றும் போட்டிருந்தது. மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அதற்கு மேல் நான் எதையும் படிக்கவில்லை. திரும்பி வந்த பிறகு அதே பக்கத்தை எடுத்து, கடைசியாக எழுதியவர்களின் கருத்தை வரிசையாகப் படித்தேன். எனக்கு ஐந்து மாசம் முன்னால் தங்கிய ஒருவர், 'மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் போகாது, பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்' என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்தபோது அழுகையே வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஐந்து நட்சத்திரக் கருத்தையும் ஒரு நட்சத்திரக் கருத்தையும் நான் பார்ப்பதில்லை. இரண்டு, மூன்று கொடுத்தவர்கள்தான் படி எத்தனை, தண்ணீர் எப்போது வரும் என்று நிதானமாக எழுதுகிறார்கள். தங்கியவர்கள் தாங்களே எடுத்துப் போட்ட படத்தையும், நாம் போகிற அதே மாசத்தில் போன வருஷம் போனவர் எழுதியதையும் தேடிப் பார்க்கிறேன்.

கோவையிலிருந்து ராத்திரி ரயில். விடியற்காலை நாகர்கோவில் கோட்டாறு ஸ்டேஷனில் இறங்கி, 900 ரூபாய்க்குக் கார் பிடித்து ஆறு மணிக்கு முன்னாலேயே லாட்ஜ் வாசலுக்குப் போய்விட்டோம். ரிசப்ஷனில் இருந்த பையன், "செக்-இன் மத்தியானம் ஒரு மணிக்கு" என்றான். பதிவு செய்யும்போது அந்த வரி என் கண்ணில் படாமல் இல்லை. போய்ச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். காசு கூடத் தருகிறேன் என்றேன், காலி இருந்தால்தானே அக்கா தர முடியும் என்றான். பையை மட்டும் வைத்துக்கொண்டான். சூரிய உதயம் ஆறரையை ஒட்டித்தான். கூட்டத்தோடு கூட்டமாகக் கடற்கரைக்குப் போய், அம்மாவை ஒரு திண்டில் உட்கார வைத்துப் பார்த்தோம். மேகம் இல்லை, நன்றாகவே தெரிந்தது. அம்மா கும்பிட்டாள். அந்தக் கால் மணி நேரம் மட்டும் நான் நினைத்து வந்தது போலவே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி வரை ஆறரை மணி நேரம் தெருவில் கழித்தோம். ராத்திரி ரயிலில் வந்த கசகசப்பு, குளிக்க இடமில்லை, அம்மா பாத்ரூம் போக வேண்டுமென்றால் கட்டணக் கழிப்பிடம், அங்கே வரிசை. பாறைக்குப் போகும் படகு வரிசையைப் பார்த்த உடனே அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். கோயிலிலும் நெரிசல், வெளியே நின்றுதான் கும்பிட்டோம்.

இந்த ஊருக்கு வருகிற ராத்திரி ரயில்கள் அதிகாலையிலோ காலையிலோதான் வந்து சேரும். ஆனால் நிறைய இடங்களில் செக்-இன் மத்தியானம்தான். அதனால் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, நேரத்தை. பழைய லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஆறுக்கு ஏறினால் மறுநாள் காலை ஆறு வரை உங்கள் அறை. ரயிலில் போகிறவர்களுக்கு அதுதான் தோது. நேரம் குறித்த இடமாக இருந்தால், முந்தின ராத்திரிக்கும் சேர்த்தே வாடகை கட்டுவதா, அல்லது சாயங்காலம் போய்ச் சேர்கிற மாதிரி டிக்கெட் எடுப்பதா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது சீசனில் நடக்காது.

ஒரு மணிக்குச் சாவி கொடுத்தார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. மேல்மாடி பிற்பாடு கட்டியது போலிருக்கிறது. அதற்கு 19 படி. அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். "பைய ஏறுவோம், ஒண்ணும் இல்ல" என்று என்னைத்தான் அவள் சமாதானப்படுத்தினாள். அறைக்குள் போய் ஜன்னல் திரையை விலக்கினேன். இரண்டடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதன் குழாயில் காய்ந்துகொண்டிருக்கிற காவி வேஷ்டி. கடலே இல்லை. கீழே போய் மேனேஜரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், "பாருங்க அக்கா, வள்ளுவர் தலை தெரியுது, கடலும் தெரியுது, படத்துல போட்டது இதுதான்" என்றார். படத்தில் கடல் இருந்தது உண்மை, ஜன்னல் இருந்ததும் உண்மை. இரண்டும் வேறு வேறு இடத்தில் எடுத்தது. கீழ் அறை ஏதாவது மாற்றித் தாருங்கள், அம்மாவுக்கு முடியாது என்று கெஞ்சியே கேட்டேன். எல்லாம் நிறைந்துவிட்டது என்றார். ஆப் காரர்களைக் கூப்பிட்டு 40 நிமிஷம் காத்திருந்தேன், ரீஃபண்ட் இல்லாத பதிவு என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

கன்னியாகுமரியில் மூன்று பக்கமும் கடல். அதனால் கடல் தெரிகிற அறை என்று யார் சொன்னாலும் அது முழுப் பொய் ஆகாது. எந்தக் கடல், எந்தத் திசை, எங்கே நின்று பார்த்தால் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உதயத்தைப் படுக்கையிலிருந்தே பார்க்க ஆசை என்றால் ஜன்னல் கிழக்கே பார்த்திருக்க வேண்டும், எதிரில் உயரமான கட்டடம் இருக்கக் கூடாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து தென்கிழக்கில் வரும், ஜூனில் வடகிழக்குக்கு நகர்ந்துவிடும். ஒரு மாசம் தெரிகிற ஜன்னலில் இன்னொரு மாசம் தெரியாமல் போகலாம். மேற்கு ஜன்னலில் அஸ்தமனம் கிடைக்கும். ஆனால் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்ப்பதற்குக் குளிர்கால மாசங்கள்தான் சரி, கோடையில் அது கரைப் பக்கம் ஒதுங்கிவிடும். என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: கூடக் காசு கொடுத்துக் கடல் அறை எடுக்க வேண்டாம். உதயம் பார்க்க எல்லாரும் கரைக்குத்தான் போகிறார்கள், நிறைய லாட்ஜ்களில் அந்த நேரத்துக்கு மொட்டைமாடியையும் திறந்துவிடுகிறார்கள். அந்தக் காசைக் கீழ்த்தளத்து அறைக்கும் நல்ல பாத்ரூமுக்கும் கொடுங்கள்.

பாத்ரூமைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தால் வாசல் திண்டு, அதைத் தாண்டி உள்ளே அரை அடிப் பள்ளம். வழவழப்பான வெள்ளை டைல்ஸ். தண்ணீர் வடியாமல் ஒரு மூலையில் தேங்கி நின்றது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது, துண்டு போடுகிற பிளாஸ்டிக் கொடி மட்டும். விளக்கு ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால், கதவை முழுக்கத் திறந்தால் மறைந்துவிடும். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்ததால் 'பரவாயில்லை' என்று விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்கக் கீழே காலி மனையில் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றுகொண்டே இருந்தன. ஆரன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், ஜெனரேட்டர். இரண்டரை மணி இருக்கும், "மக்களே" என்று ஒரே ஒரு குரல் கேட்டது. ஓடிப் போனால் அம்மா பாத்ரூம் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். என்னை எழுப்ப வேண்டாம் என்று இருட்டில் தானாகப் போயிருக்கிறாள். திண்டு தெரியாமல் கால் வழுக்கி, வலது கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. ஆபரேஷன் ஆன முட்டு போய்விட்டதோ என்றுதான் எனக்கு உயிர் நின்றது. முட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்டர்காமை எடுத்தால் யாரும் எடுக்கவில்லை. தூங்குகிற மகளை எழுப்பி, அம்மாவை ஒரு கையில் தாங்கி, 19 படி இறங்கினோம். கீழே கேட் பூட்டியிருந்தது. பெஞ்சில் படுத்திருந்த பையனை எழுப்பித் திறக்க வைத்தேன், பாவம், அவனே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான். நாகர்கோவிலுக்கு 900 ரூபாய் கேட்டார், வாய் பேசாமல் ஏறினேன். 108-ஐக் கூப்பிட்டிருந்தால் காசில்லாமல் படுக்க வைத்தே கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பதற்றத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. தனியாகப் பெரியவர்களோடு போகிறவர்கள் ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருப்பார்களா, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று சாவி வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். கட்டுப் போட்டு மருந்தோடு 2,350 ரூபாய் ஆயிற்று.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து வேறு அறை தேடினேன். அங்கேயும் ஒரு குழி இருந்தது. நெட்டில் ஒரு லாட்ஜ் பெயரோடு ஒரு செல் நம்பர். அந்த லாட்ஜை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், பகவதியம்மன் கோயில் பக்கம் சன்னதித் தெருவில் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்குக் கூப்பிட்டால் ஒரே ரிங்கில் எடுத்து, "கடைசி ரூம் ஒண்ணுதான் மேடம் இருக்கு, உடனே 2,000 அனுப்புங்க" என்று க்யூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்தால் லாட்ஜ் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு ஆளின் பெயர் வந்தது. சந்தேகம் தட்டி, "ஒங்க லாட்ஜ்ல இருந்து அம்மன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டேன். "ஆட்டோல பத்து நிமிஷம் மேடம்" என்றான். நடந்தால் இரண்டு நிமிஷம்கூட ஆகாத இடம் அது. போனை வைத்துவிட்டேன். ஊர் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. தெரியாத ஊர் என்றால் மேப்பைத் திறந்து பக்கத்தில் இருக்கிற கோயிலையோ பஸ் ஸ்டாண்டையோ பார்த்து வைத்துக்கொண்டு, இதே கேள்வியைக் கேளுங்கள். லாட்ஜின் லேண்ட்லைனுக்கோ, அவர்களுடைய பில்லில் அச்சடித்த நம்பருக்கோ கூப்பிட்டு உறுதி செய்யாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

விடிந்த பிறகு நாகர்கோவிலிலேயே வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய லாட்ஜில் நேரில் போய்க் கேட்டேன். அம்மாவும் மகளும் ஆட்டோவிலேயே இருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெரியவர் என்னிடம் ஆதாரைக்கூடக் கேட்காமல் ஆட்டோவைத்தான் எட்டிப் பார்த்தார். "அம்மைக்கு முட்டு வலி உண்டா பிள்ளே? கீழ ரூம் ஒண்ணு இருக்கு, ஏசி கெடையாது, பாத்துட்டுச் சொல்லு" என்றார். அறையைத் திறந்து காட்டினார். குழாயைத் திறந்து பார்த்தேன், பாத்ரூம் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தேன், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். 1,400 ரூபாய், 24 மணி நேரக் கணக்கு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்ரூமுக்குள் போட்டுக் கொடுத்தார், உட்கார்ந்து குளிக்க. அம்மா குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவள் நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். நான் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவளை ஏன் இவ்வளவு கஷ்டப்படுத்தினோம் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

சாயங்காலம் அவளே எழுந்து சுசீந்திரம் போகலாம் என்றாள். அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய் 18 அடி அனுமாரைக் கட்டுப் போட்ட கையோடு கும்பிட்டுவிட்டு, வழியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் திரும்பிவிட்டோம். குமரி மாவட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உதயத்துக்காக ஒரே ஒரு ராத்திரி கன்னியாகுமரியில் தங்குங்கள், மிச்ச நாளை நாகர்கோவிலில் வைத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, முட்டம் எல்லாவற்றுக்கும் நாகர்கோவில்தான் நடு. அரண்மனை திங்கட்கிழமை திறக்காது, அதையும் பார்த்து நாளை வகுங்கள். சீசன் விலை கடற்கரையில் ஏறுகிற அளவுக்கு வடசேரியிலும் கோட்டாறிலும் ஏறுவதில்லை. டவுன் பஸ் அடிக்கடி உண்டு.

கணக்குப் பார்த்தால் தங்காத இரண்டாவது ராத்திரிக்கு 4,410, ஆட்டோ 900, ஆஸ்பத்திரி 2,350, புது அறை 1,400, ஆக 9,060 ரூபாய் எதிர்பாராமல் போயிற்று. ஊருக்கு வந்த பிறகு ஆப்பின் விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்ததையும், லிஃப்ட் இரண்டோடு நிற்பதையும் தொட்டி ஜன்னலையும் மகள் செல்லில் எடுத்திருந்த வீடியோவையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஐந்து வாரம் கழித்து 2,205 ரூபாய் திரும்ப வந்தது. அந்த வீடியோ இல்லாவிட்டால் இதுவும் வந்திருக்காது. பதிவு செய்கிற அன்றைக்கே அந்தப் பக்கத்தை முழுசாகப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவர்கள் மாற்றிவிடலாம்.

அம்மாவின் கை ஆறு வாரத்தில் சரியாயிற்று. இப்போது பாறைக்குப் படகில் போகவில்லையே என்று குறைப்படுகிறாள், அதனால் கூட்டம் குறைந்த பிப்ரவரி நடுவில், வார நாளாகப் பார்த்து மறுபடியும் போகப் போகிறோம். போன வாரம் ஒரு லாட்ஜின் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டேன். கீழ்த்தளமா, எத்தனை மணிக்கு ஏறலாம், சுடுதண்ணீர் எப்போது வரும், ராத்திரி கவுண்டரில் யார் இருப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியாக, "பாத்ரூம் வாசல்ல படி உண்டா அண்ணாச்சி?" என்றேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் பதில் இல்லை. "இரிங்க, பாத்துட்டே சொல்லுதேன்" என்று ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தமும் ஒரு கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்து, "ரெண்டு விரக்கடை உயரம் உண்டு, ஆனா உள்ள பள்ளம் இல்ல, தரை சொரசொரன்னு இருக்கும்" என்றார். அந்த அறையையே எடுத்தேன்.